நெல்லி மெல்பா உண்மையிலேயே அவ்வளவு பெரிய பாடகியா?

கேட்கப்பட்டது இதுதான்: ஆஸ்திரேலியாவின் 100 டாலர் நோட்டில் படம் போட்டிருக்கும் நெல்லி மெல்பா யார்? பீச் மெல்பா ஐஸ்கிரீமுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? பேர் வாங்கியது குரலாலா, விளம்பரத்தாலா? இன்று கேட்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

முதலில் நேரடியான பதில். குரல் அசல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் நல்ல குரல் கொண்ட பாடகிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. மெல்பாவிடம் குரலோடு இன்னொன்றும் இருந்தது. அவர் ஒரு கட்டட கான்ட்ராக்டரின் மகள். எந்த வேலையை என்ன விலைக்கு எடுப்பது, எதைத் தொடவே கூடாது, எதை எழுதி வாங்கிக்கொள்வது என்பதெல்லாம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. பேர் வாங்கிய பிறகு ஒரே ஒரு முறைதான் அந்தக் கணக்கு தப்பியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1861 மே 19 அன்று மெல்போர்னின் ரிச்மண்ட் பகுதியில் பிறந்தார். இயற்பெயர் ஹெலன் போர்ட்டர் மிட்செல். அப்போது ஆஸ்திரேலியா என்று ஒரு நாடே கிடையாது. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து என்று தனித்தனி பிரிட்டிஷ் காலனிகள்தான். விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததால் மெல்போர்ன் கிடுகிடுவென வளர்ந்துகொண்டிருந்தது. வளரும் ஊரில் கட்டடம் கட்டுபவனுக்குக் கொள்ளை வேலை. ஸ்காட்லாந்திலிருந்து கொத்தனாராக வந்த அப்பா டேவிட் மிட்செல் பெரும் பணக்காரர் ஆனது அப்படித்தான். இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்கும், ஊர் நடுவே இருக்கும் ஸ்காட்ஸ் சர்ச்சும் அவர் கட்டியவை. வீட்டில் அம்மா பியானோ வாசிப்பார், அப்பாவுக்கும் பாட்டு பிடிக்கும். ஆனால் மகள் காசு வாங்கிக்கொண்டு மேடையில் பாடுவதில் மட்டும் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. வசதியான குடும்பங்களில் அந்நாளில் அதுதான் வழக்கம்.

மெல்போர்னில் பியெத்ரோ செக்கி என்ற இத்தாலிய டெனர் (உயர்ந்த ஆண்குரலில் பாடுபவர்) பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நெல்லி அவரிடம் பல ஆண்டுகள் படித்தார். 1881-ல் அம்மா இறந்துவிட, அப்பா தன் வேலை விஷயமாக குவீன்ஸ்லாந்தின் மக்காய் ஊருக்குப் போனபோது மகளையும் கூட்டிப்போனார். கரும்பும் சர்க்கரை ஆலையுமாக இருந்த ஊர். அங்கே சார்லஸ் ஆம்ஸ்ட்ராங்கைச் சந்தித்து, 1882 டிசம்பரில் பிரிஸ்பேனில் கல்யாணமும் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மகன் ஜார்ஜ் பிறந்தான். தகரக் கூரை வீடு, விடாத மழை, பியானோவில் பூஞ்சை, துணியெல்லாம் ஈரம், வீடு முழுக்கப் பூச்சி. இதெல்லாம் 1925-ல் வெளிவந்த அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதிக்கொடுத்தவர் செயலாளராக இருந்த பெவர்லி நிக்கல்ஸ் என்ற இளைஞர் என்பதால், அதில் வரும் உரையாடல்களை எல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வெப்பமண்டலத்து மழைக்காலத்தைப் பற்றி எழுதியிருப்பதை நம்பலாம். நமக்குத் தெரியாத மழையா!

மக்காயிலிருந்து அவர் செக்கிக்குக் கடிதம் எழுதிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தொழில்முறைப் பாடகியாக என்னால் பிழைக்க முடியுமா? வரச்சொல்லிப் பதில் வந்தது. 1884-ன் தொடக்கத்தில் கைக்குழந்தையோடு மெல்போர்ன் திரும்பினார். அதே ஆண்டு மே 17 அன்று மெல்போர்ன் டவுன் ஹாலில் முதல் பெரிய கச்சேரி. ‘லா திராவியாத்தா’ என்ற ஓபராவில் (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகம்) வரும் பிரபலமான பாட்டைப் பாடினார். ஊர் கொண்டாடியது. ஆனால் காலனியில் கிடைக்கும் கைதட்டலுக்கு என்ன மதிப்பு? லண்டனும் பாரீஸும் சரி என்று சொன்னால்தான் மெல்போர்ன்காரனே தன் காதை நம்புவான். அது நெல்லிக்கும் தெரியும்.

கிளம்பும் நேரத்தில் செக்கி பழைய சம்பள பாக்கியைக் கேட்டார். நியாயமாகப் பார்த்தால் கேட்கவேண்டிய காசுதான். ஆனால் நெல்லி அதை மன்னிக்கவே இல்லை. பிற்காலத்தில் யார் கேட்டாலும் தன் குரு பாரீஸின் மதாம் மார்க்கேசி என்றுதான் சொன்னார். குரலுக்கு அடித்தளம் போட்ட செக்கியின் பெயர் அநேகமாக வரலாற்றிலிருந்தே துடைக்கப்பட்டுவிட்டது. மெல்பாவின் குணத்தில் எனக்குக் கசக்கும் இடங்களில் இது முதலாவது.

லண்டன் போக வழி கிடைத்ததும் அப்பா மூலம்தான். 1886-ல் லண்டனில் நடந்த காலனிகள் மற்றும் இந்தியக் கண்காட்சிக்கு விக்டோரியாவின் சார்பில் கமிஷனராக டேவிட் மிட்செல் நியமிக்கப்பட்டார். குடும்பம் கப்பலேறியது. லண்டன் கண்டுகொள்ளவில்லை. இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவன் பாட்டைக் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு வருடம் நன்றாகப் படித்தால் தன் ‘மிக்காடோ’ இசை நாடகத்தில் ஏதாவது சின்ன வேடம் தரலாம் என்றார்.

அங்கிருந்து பாரீஸ். மத்தில்ட் மார்க்கேசி அன்று ஐரோப்பாவின் பெரிய குரல் ஆசிரியை. நெல்லி பாடியதைக் கேட்டதும் அவர் வெளியே ஓடிப்போய், ஒருவழியாக எனக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்துவிட்டது என்று கணவர் சால்வத்தோரேயிடம் கத்தினாராம். கதை கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்துக்கும் குறைவான பயிற்சியிலேயே மேடைக்குத் தயார் என்று மார்க்கேசி அனுப்பிவைத்தது நிஜம். மேலும் கீழும் ஒரே சீராக ஓடும் குரலை அவர் பெரிதாகத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அதற்கான பெருமை யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதை மேலே சொன்னதோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தன் ஊரான மெல்போர்னின் பெயரைச் சுருக்கி மெல்பா என்று வைத்துக்கொண்டதும் அப்போதுதான். 1886 டிசம்பரில் மார்க்கேசி வீட்டில் நடந்த கச்சேரியில் அந்தப் பெயரோடு பாடினார். ‘ஹாம்லெட்’ ஓபராவை எழுதிய அம்ப்ருவாஸ் தோமா அன்று எதிரில் உட்கார்ந்திருக்க, அதே ஓபராவில் ஒஃபீலியா பித்துப்பிடித்துப் பாடும் காட்சியைப் பாடினார்.

அடுத்து நடந்தது சினிமாவில் வந்தால் நம்பமாட்டோம். மோரிஸ் ஸ்ட்ராகோஷ் என்ற கச்சேரி ஏற்பாட்டாளர் 10 ஆண்டு ஒப்பந்தத்தை நீட்ட, மெல்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். சம்பளம் சொற்பம். கொஞ்ச நாளில் பிரஸ்ஸல்ஸின் லா மொனே ஓபரா அரங்கம் மாதம் 3,000 பிராங்க் தருகிறோம் என்றது. ஸ்ட்ராகோஷ் விடவில்லை, கோர்ட்டில் தடையுத்தரவே வாங்கிவிட்டார். அரங்கேற்றத்துக்குச் சில நாட்களே இருந்த நிலையில் மனிதர் திடீரென இறந்துபோனார். 1887 அக்டோபரில் ‘ரிகொலெத்தோ’வின் கில்டாவாக மெல்பா மேடையேறினார். பிரஸ்ஸல்ஸ் ஒரே ராத்திரியில் விழுந்தது. படிக்காமல் போட்ட கையெழுத்து என்ன செய்யும் என்பதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அதன்பிறகு அவரை ஒப்பந்தத்தில் ஏமாற்றிய ஆள் இல்லை.

பிரஸ்ஸல்ஸில் பாடிய இன்னொரு ஓபரா ‘லக்மே’. பிரிட்டிஷ் இந்தியாவில் நடக்கும் கதை. பிராமணப் பூசாரியின் மகள் லக்மே, ஆங்கிலேய அதிகாரியைக் காதலித்து விஷப் பூவைத் தின்று சாவாள். இந்தியாவைப் பார்த்தே இராத பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய இந்தியா என்பதால் நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் அதிலுள்ள மணிப் பாட்டு உயர்குரல் பாடகிகளுக்குப் பெரிய பரீட்சை. மெல்பாவின் பிரெஞ்சு உச்சரிப்பு சரியில்லை என்று முணுமுணுப்பு எழுந்தபோது இசையமைப்பாளர் தெலீப், பிரெஞ்சோ ஜெர்மனோ சீனமோ, எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடட்டும், பாடினால் போதும் என்றாராம்.

லண்டன் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவரவில்லை. 1888 மே மாதம் லண்டனின் பெரிய ஓபரா அரங்கமான கோவன்ட் கார்டனில், ‘லூச்சியா’ ஓபராவின் நாயகியாகப் பாடியபோது ரசிகர்கள் கைதட்டினார்கள், பத்திரிகைகள் நன்றாகப் பாடுகிறார் என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டன. மேலாளர் அகஸ்டஸ் ஹாரிஸ் அடுத்த ஆண்டுக்கு ஒரு சிறுவன் வேடத்தைத் தருவதாகச் சொன்னதும் மெல்பா மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்ற சபதத்தோடு. மாற்றியவர் லேடி டி கிரே. அரச குடும்பத்துக்கு நெருக்கமானவர், கோவன்ட் கார்டனில் பணக்காரர்களுக்கான தனித் தடுப்பு இருக்கைகளில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர். திரும்பி வந்தால் எல்லாம் வேறு மாதிரி இருக்கும் என்று அவர் எழுத, 1889 ஜூனில் ஜான் டி ரெஸ்கேயோடு ‘ரோமியோ ஜூலியட்’. அதுவரை அந்த அரங்கில் இத்தாலிய மொழியில் பாடப்பட்ட அந்த ஓபரா அன்று முதன்முதலாக அசல் பிரெஞ்சில் பாடப்பட்டது. அந்த ராத்திரியில் தொடங்கி அடுத்த கால் நூற்றாண்டுக்கு கோவன்ட் கார்டன் கிட்டத்தட்ட மெல்பாவின் சொந்த வீடு. தனி ஒப்பனை அறை, சாவி அவரிடம். எந்தப் பாடகி வரலாம், எவர் வரக்கூடாது என்பதிலும் அவர் சொல் எடுபட்டது.

இடையில் ஒரு பெரிய வம்பு. பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய குடும்பத்தின் வாரிசான ஓர்லியான்ஸ் கோமகன் ஃபிலிப்போடு மெல்பா ஊர் ஊராகச் சுற்றியது பத்திரிகைகளில் வந்தது. ஆம்ஸ்ட்ராங் விவாகரத்து வழக்குப் போட்டு கோமகனையும் அதில் இழுத்தார். மேலிடத்து அழுத்தத்தில் வழக்கு கைவிடப்பட்டது, கோமகன் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடக் கிளம்பினார். விவாகரத்து கடைசியில் 1900-ல் டெக்ஸஸில் கிடைத்தது. மகன் ஜார்ஜை ஆம்ஸ்ட்ராங் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்விட்டார். பையன் வளர்ந்து ஆளான பிறகுதான் அம்மாவிடம் திரும்பினான். உலகமே கொண்டாடிய அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெற்ற பிள்ளை பக்கத்தில் இல்லை.

1893-ல் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கம், அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கம். கணக்கு தப்பிய இடம் இந்த மெட்ரோபாலிடன்தான். 1896 டிசம்பரில் வாக்னரின் ‘சீக்ஃப்ரீட்’ ஓபராவில் புருன்ஹில்டாவாகப் பாட ஒத்துக்கொண்டார். மார்க்கேசி வேண்டாம் என்று தடுத்திருந்தார். வாக்னரின் வாத்தியக் கூட்டத்தை மீறிக் கேட்கவேண்டும் என்றால் கனமான, தடித்த குரல் வேண்டும். மெல்பாவுடையது லேசான, கூரான, வெள்ளிக் கம்பி மாதிரியான சாரீரம். ஒரே ஒரு ராத்திரி பாடினார். தொண்டை கெட்டு மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. இந்த வேடம் இனி என் வாழ்நாளில் கிடையாது என்று அவரே அறிவித்துவிட்டார். சொன்னபடியே இருந்தார். தன் குரலுக்கு எது ஒத்துவரும் என்பதில் அதன்பின் அவர் காட்டிய பிடிவாதம்தான், அறுபத்தைந்து வயதிலும் அவரால் பாட முடிந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் குரலில் அப்படி என்ன விசேஷம்? மூன்று விஷயம் சொல்வேன். முதலாவது சுருதி சுத்தம். மேல் ஸ்தாயியில் எவ்வளவு உயரத்தில் ஆரம்பித்தாலும் கீழிருந்து ஏறிப் பிடிக்காமல், நேரே சுரத்தின் நடுவில் போய் நிற்பார். இரண்டாவது, அவருடைய ட்ரில். பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாடுவதுதான் ட்ரில். நம் பிருகா கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம், ஆனால் இரண்டு சுரமும் தனித்தனியாகக் காதில் விழவேண்டும் என்பதில்தான் பெரும்பாலான ஓபரா பாடகிகள் சறுக்குவார்கள். மூன்றாவது, குரலை எங்கும் மாற்றுக் குரலாக ஒட்டுப்போடாமல் அடியிலிருந்து உச்சிவரை ஒரே நிறத்தில் கொண்டுபோவது. ‘லா போயெம்’ முதல் அங்கத்தின் முடிவில், கதாநாயகி மிமி மேடைக்கு வெளியே போய்க்கொண்டே பிடிக்கும் உச்ச சுரத்தைப் பற்றி, போட்டிப் பாடகியான மேரி கார்டனே வியந்து எழுதியிருக்கிறார். அந்த சுரம் மெல்பாவின் உடம்பை விட்டுப் பிரிந்து, தனியாக அரங்கத்தின் மேல் வந்ததாம்.

குறை? நடிப்பு சுத்தமாக வராது. சாதாரண உணர்ச்சிக்கு ஒரு கை தூக்குவார், பெரிய உணர்ச்சிக்கு இரண்டு கையும் தூக்குவார் என்று கேலி செய்தார்கள். பதிவுகளைக் கேட்டாலும் குரலில் ஒரு குளிர்ச்சி இருப்பது உண்மைதான். உருகவைக்கும் பாடகி வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

‘லா போயெம்’ என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1898-ல் மெல்பா இத்தாலிக்குப் போய் லூக்காவில் அதன் இசையமைப்பாளர் புச்சினியிடமே உட்கார்ந்து மிமி வேடத்தைப் படித்தார். அன்று அது புது ஓபரா. தையல்காரப் பெண்ணின் ஏழைக்காதல் கதைக்கு நகை போட்ட கூட்டம் வராது என்று கோவன்ட் கார்டன் அரங்கத்தார் தயங்கினார்கள். மெல்பா என்ன செய்தார் தெரியுமா? மிமி காசநோயில் செத்து, திரை விழுந்து, கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வந்து ‘லூச்சியா’வின் பித்துக் காட்சியைத் தனியாகப் பாடிக் காட்டினார். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மரணம்! கலைக்கு இது பெரிய அநியாயம், ஆனால் கூட்டம் வந்தது. ‘லா போயெம்’ அந்த அரங்கில் நிலைத்தது. பின்னால் இத்தாலிய டெனர் கரூஸோ வந்து சேர்ந்ததும் இருவரும் பாடிய ‘லா போயெம்’ இரவுகளுக்கு டிக்கெட் கிடைப்பதே அபூர்வம் ஆனது. காதல் பாட்டின் நடுவே கரூஸோ அவர் கையில் சூடான சாஸேஜ் ஒன்றை அழுத்தினார் என்று ஒரு கதை உண்டு. கரூஸோவின் குறும்பை அறிந்தவர்கள் அதை நம்புவார்கள்.

பீச் மெல்பா விஷயம் நிஜம். லண்டன் சவாய் ஹோட்டலின் சமையல் நிபுணர் எஸ்கோஃபியே, மெல்பா ‘லோஹன்கிரின்’ ஓபராவில் பாடியதைக் கேட்டுவிட்டுச் செய்தது. அந்த ஓபராவில் அன்னம் ஒன்று படகை இழுத்துவரும் என்பதால், பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தின் மேல் வனிலா ஐஸ்கிரீமும் பீச் பழமும். ராஸ்பெரி கூழ் பின்னால் சேர்ந்தது. மெல்லிசாகச் சீவி மொறுமொறுப்பாகச் சுட்ட மெல்பா டோஸ்ட்டும் அவர் பெயரில்தான்.

இப்போது காலனிக்குத் திரும்புவோம், எனக்கு மெல்பாவிடம் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 16 ஆண்டு கழித்து 1902-ல் அவர் ஆஸ்திரேலியா திரும்பியபோது அது ஒரே நாடாக இணைந்து இரண்டாண்டுகூட ஆகியிருக்கவில்லை. புது நாட்டுக்கு உலகம் ஒப்புக்கொண்ட பெருமை என்று காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. ரயில் நின்ற இடமெல்லாம் கூட்டம், வரவேற்பு வளைவுகள். அதே ஊர்தான் அடுத்த சில மாதங்களில் கல்லும் எறிந்தது. ‘ட்ரூத்’ பத்திரிகை நடத்திய ஜான் நார்ட்டன் 1903-ல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, அவரைக் குடிகாரி என்று வசைபாடினார். வழக்குப் போடு பார்க்கலாம் என்று சவாலும் விட்டார். மெல்பா போடவில்லை. அந்த முத்திரை கடைசிவரை அழியவில்லை. நாளும் குடித்துக்கொண்டிருந்தவரால் அந்த ட்ரில்லை முப்பது வருடம் காப்பாற்றியிருக்க முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்படியும் அவர் ஊரை விட்டுவிடவில்லை. 1909-ல் உள்நாட்டுச் சிற்றூர்கள் வழியாக 10,000 மைல் தூரம் கச்சேரிப் பயணம் போனார். கோவன்ட் கார்டனில் ராஜாவுக்குப் பாடியவர், ஆடு மேய்க்கும் ஊர்களின் சின்ன மண்டபங்களில் பாடினார். அதே ஆண்டு மெல்போர்னுக்கு வெளியே கோல்ட்ஸ்ட்ரீமில் நிலம் வாங்கி கூம்ப் காட்டேஜ் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டார். 1911-ல் ஜே. சி. வில்லியம்சன் நாடக நிறுவனத்தோடு சேர்ந்து முழு ஓபரா குழுவையே ஆஸ்திரேலியாவுக்கு இறக்கினார். முதல் உலகப்போரில் நிதி திரட்டக் கச்சேரிகள், அதற்காக 1918-ல் பிரிட்டிஷ் அரசின் கௌரவமான டேம் பட்டம். மெல்போர்னின் ஆல்பர்ட் ஸ்ட்ரீட் இசைப்பள்ளியில் 1915 முதல் பெண்களுக்குக் காசு வாங்காமல் பாட்டு சொல்லிக்கொடுத்தார். 1922-ல் மலிவு டிக்கெட்டில் மக்கள் கச்சேரிகள், மெல்போர்னிலும் சிட்னியிலும் சேர்த்து சுமார் 70,000 பேர் கேட்டார்கள்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய பாடகி கிளாரா பட்டிடம், அங்கே தரமானதெல்லாம் எதற்கு, மட்டமானதைப் பாடு போதும் என்று மெல்பா சொன்னதாக ஒரு கதை 1928-ல் அச்சில் வந்தது. அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் கொதித்தார். சொன்னாரோ இல்லையோ, அவருடைய கச்சேரிப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும்: கடினமான ஓபரா பாட்டுக்குப் பின், மேடைக்குப் பியானோவைத் தள்ளிவரச் சொல்லி, தானே வாசித்துக்கொண்டு ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ பாடுவார். நியூயார்க்கிலும் அதே, மெல்போர்னிலும் அதே.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நியூயார்க்கில் மெட்ரோபாலிடனுக்குப் போட்டியாக மன்ஹாட்டன் ஓபரா ஹவுஸைக் கட்டிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன், பாரீஸில் மெல்பாவின் அறைக்கு வந்து மாட்டேன் மாட்டேன் என்று சொல்லச்சொல்லக் கேட்காமல், ஆயிரம் பிராங்க் நோட்டுகளைத் தரையில் இறைத்துவிட்டுப் போனார் என்பது மெல்பா சொல்லும் கதை. அவர் அதைப் பொறுக்கி எண்ணி, பத்திரமாக பேங்கில் போட்டாராம். 1907 ஜனவரியில் அங்கே பாடினார், ஹாமர்ஸ்டீனின் அரங்கம் பிழைத்தது. கிராமபோன் கம்பெனி விஷயத்திலும் இதே கெட்டிக்காரத்தனம். 1904-ல் அவர் லண்டன் வீட்டுக்கே கருவிகளைக் கொண்டுவந்து பதிவு செய்தார்கள். அவருக்கென்றே இளம் ஊதா நிற லேபிள், தட்டு ஒன்று ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பாட்டு ஒரு பக்கம்தான் இருக்கும்!

சக பாடகர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் நல்ல கதையில்லை. இளம் டெனர் ஜான் மக்கார்மக் திரை விழுந்ததும் கூடவே வணங்கப் போனபோது, இந்த அரங்கில் மெல்பாவோடு சேர்ந்து யாரும் வணங்குவதில்லை என்று தள்ளிவிட்டார் என்பார்கள். பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகர் தித்தா ருஃபோவை, எனக்கு அப்பாவாக நடிக்க இவனுக்கு வயது போதாது என்று ‘ரிகொலெத்தோ’விலிருந்து தூக்கினார். சில ஆண்டு கழித்து அவர் பெரிய ஆளான பிறகு, எனக்கு மகளாக நடிக்க அந்த அம்மாவுக்கு வயது அதிகம் என்று பழிவாங்கினாராம் ருஃபோ. நன்றாகத்தான் கேட்டார்.

வானொலி வரலாற்றிலும் அவர் பெயர் உண்டு. 1920 ஜூன் 15 அன்று, இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் இருந்த மார்கோனி தொழிற்சாலையிலிருந்து அரை மணிநேரம் பாடினார். ‘டெய்லி மெயில்’ பத்திரிகையின் ஏற்பாடு. தொலைபேசியின் வாய்ப்பகுதியில் மரப்பெட்டியைக் கட்டியது போன்ற மைக். உங்கள் குரல் அந்தக் கம்பத்தின் உச்சியிலிருந்து போகும் என்று பொறியாளர் ஆண்டெனாவைக் காட்டியதும், அதன்மேல் நான் ஏறுவேன் என்று நினைக்காதே தம்பி என்றாராம். சோதனைக்காக முதலில் ஒரு ட்ரில், பிறகு பாட்டு. ஐரோப்பா முழுக்கக் கேட்டது. முக்கியமான தகவல் தொடர்புக்கு இடைஞ்சல் என்று சொல்லி அரசு அந்த ஆண்டே இப்படிப்பட்ட ஒலிபரப்புகளை நிறுத்திவைத்தது தனிக்கதை. 1924 அக்டோபரில் மெல்போர்னின் 3எல்ஓ நிலையம் தொடங்கிய அன்று ஒலிபரப்பானதும் மெல்பாவின் ‘லா போயெம்’தான்.

அப்புறம் விடைபெறும் படலம். 1924-ல் மெல்போர்னில் விடைபெற்றார், 1926-ல் கோவன்ட் கார்டனில், 1928-ல் மறுபடி சிட்னியிலும் மெல்போர்னிலும் ஜீலாங்கிலும். டேம் நெல்லி மெல்பாவை விட அதிகத் தடவை விடைபெற்றவர் என்று ஆஸ்திரேலியாவில் இன்றும் ஆட்களைக் கிண்டல் செய்வார்கள். நடுவே 1927 மே 9 அன்று, கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது தேசிய கீதம் பாடியதும் அவர்தான். 1931 பிப்ரவரி 23 அன்று சிட்னியில் ரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். அப்பா கட்டிய ஸ்காட்ஸ் சர்ச்சில் இறுதிச் சடங்கு, லில்லிடேலில் அடக்கம். கல்லறையில் மிமி விடைபெறும் வரி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, எதைக் கேட்பது? பெரும்பாலானோர் 1904 பதிவுகளில் தொடங்கி ஏமாந்துபோவார்கள். மைக் இல்லாத காலம். கொம்பு போன்ற குழாய்க்குள் பாடவேண்டும், உச்ச சுரம் வந்தால் பின்னால் நகரவேண்டும். உயர்ந்த பெண்குரலை அந்த முறை மெலிதாக்கிவிடும். ‘லூச்சியா’வின் பித்துக் காட்சியை மட்டும் கேளுங்கள், குரலும் புல்லாங்குழலும் துரத்திக்கொள்ளும் இடத்தில் எது குரல் என்று குழம்பும். நான் முதலில் கேட்கச் சொல்வது 1926 ஜூன் 8 அன்று கோவன்ட் கார்டனில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியின் பதிவை. அப்போது மின்முறைப் பதிவு வந்துவிட்டது. ‘ஒதெல்லோ’வின் பிரார்த்தனைப் பாட்டில், 65 வயதிலும் குரல் ஆடாமல் நிற்கிறது. பிறகு பேசுகிறார். மேடை வாசலில் நெடுங்காலம் நின்ற காவலாளி ஆஸ்டினுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்கிறார், பேச்சு உடைகிறது. குளிர்ச்சியான பாடகி என்று மேலே நானே எழுதினேன், அதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

அதற்குப்பின், பொறுமை இருந்தால், 1901-ல் மெட்ரோபாலிடன் அரங்கின் நூலகர் லயனெல் மேப்பிள்சன் மெழுகு உருளைகளில் பதிந்த துண்டுகள். ‘லே யூகனோ’ ஓபராவில் மெல்பா பாடியது ஒன்று இருக்கிறது. இரைச்சல் காதைக் கிழிக்கும். ஹெட்போன் போட்டு இரண்டு மூன்று தடவை கேட்டால் இரைச்சலுக்குப் பின்னால், நிறைந்த அரங்கத்தில் நிஜமாகப் பாடிய நாற்பது வயது மெல்பா மெல்லப் பிடிபடுவார். 1904 தட்டுகளில் நிதானமாகப் பாடுபவர் இதில் சுரங்களை வாரி இறைத்துக்கொண்டு போகும் வேகம் வேறு. இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.